இத்தா முடிந்த ஞாயிற்றுக்கிழமை

அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் நான் கோயமுத்தூர் போயிருக்க வேண்டும். எல்லாம் தயாராகத்தான் இருந்தது. நான்கு சுடிதார், இரண்டு சேலை, சர்டிபிகேட் கவர், தலைவலித் தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து, பின்கதவுக்கு அப்பால் தேங்காய் மட்டை போட்டிருக்கிற மூலையில் மறைத்து வைத்திருந்தேன். நாற்பத்து நான்கு வயதில், பிறந்த வீட்டில், திருடி மாதிரி பை ஒளித்து வைக்கிற பிழைப்பு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் நஜ்மா. கேரள எல்லையோரம் வேலந்தாவளத்தில், மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. அத்தா ஹக்கீம் சந்தை ஓரத்தில் மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் அப்போது கொழிஞ்சாம்பாறையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே தலாக் ஆகித் திரும்பி வந்தவள், பிள்ளை குட்டி கிடையாது. ஆகவே யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. "ஒரு பதினஞ்சு நாளு லீவு போடு நஜ்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அந்தப் பதினைந்து நாள் இன்னும் முடிந்தபாடில்லை. அத்தாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தபோதே அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை மறந்தார், அப்புறம் கிழமையை, அப்புறம் எங்களை.

எங்களை என்றால் நால்வரை. மூத்தவர் ஷபீர் அண்ணன், பாலக்காடு டவுனில் பாத்திரக்கடை. ரம்லத் அக்கா பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கடைசி நவ்ஷாத், கோயமுத்தூர் உக்கடத்தில் செல்போன் கடை. மூன்று பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பழம் வரும், பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டி பெட்டியாக வரும், பெருநாளுக்குத் துணி வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் அம்மாவை முகத்துக்கு முகம் பார்த்து, "எளச்சுட்டாங்களே, சாப்பாடு ஒழுங்கா குடுக்கறியா?" என்று கேட்பார்கள். வீடியோ காலில் என் அம்மாவை அவர்கள் ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் சொன்னால் என் நிலைமை புரியும். ஆறு வருஷமாக நான் குளியலறைக் கதவைத் தாழ் போட்டதில்லை. தலையில் சோப்பு நுரையோடு எத்தனை தடவை ஓடி வந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அதனால்தான் வேலை விஷயமாகக் கோயமுத்தூர் ஹாஸ்டல்காரம்மாவிடம் முதன்முதலில் போனில் பேசியபோது, சம்பளத்தைக் கேட்காமல், "ரூமுக்கு உள்ளேயிருந்து தாழ் உண்டுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். சித்ரா மேடம் சிரித்துவிட்டார். "உண்டும்மா, பாத்ரூமுக்கும் உண்டு" என்றார்.

அந்த வேலையைக் காட்டித் தந்தது நிமி சிஸ்டர். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற பஞ்சாயத்து பாலியேட்டிவ் வண்டியில் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து அத்தாவுக்கு டியூப் மாற்றி, அம்மாவுக்கு பிரஷர் பார்த்துப் போகிற மலையாளத்து நர்ஸ். ஒரு நாள் மீதியிருந்த நேரத்தில் என் கையிலும் அந்தப் பட்டையைச் சுற்றினாள். முகம் மாறிவிட்டது. "நஜ்மா சேச்சி, அம்மைக்கு பிரஷர் கரெக்ட். நிங்களுக்காக்கும் கூடுதல். இப்படிப் போனா யாரு யாரைப் பார்க்கும்?" என்றாள். அவள் அக்கா வேலை பார்க்கிற பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் ரிட்டயர் ஆகிறார், தங்க இடம், சாப்பாடு, போய்ப் பேசு என்று நம்பர் எழுதிக் கொடுத்தாள். பேசினேன். ஆகட்டும் என்றார்கள். அன்று ராத்திரி அம்மா மூன்று தடவை எழுப்பியும் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அத்தா மௌத்தாகிவிட்டார்.

அழுதேன். ஆறு வருஷம் தூக்கிச் சுமந்த உடம்பு, அழாமல் இருக்க முடியுமா? ஆனால் அழுகையோடு அழுகையாக ஒரு மூச்சும் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். இனி ஒருவர்தான், அண்ணன் வீட்டில் ஒருவரை வைத்துக்கொள்வார்கள், நான் போகலாம் என்று மய்யத்து வீட்டிலேயே மனசு கணக்குப் போட்டது. அல்லா மன்னிக்கட்டும்.

மனசு போட்ட கணக்கில் இத்தாவை விட்டுவிட்டேன். புருஷன் இறந்தால் பெண்டாட்டி நான்கு மாதம் பத்து நாள் அந்த வீட்டை விட்டு வெளியேறாமல் இருப்பது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தபோதே சொன்னார், "புத்தி தெளிவில்லாதவங்க, அவுங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ரொம்ப இறுக்கிப் புடிக்காதீங்க." அண்ணன்தான் விடவில்லை. "அதெல்லாம் சரிங்க ஹஜ்ரத். ஆனா ஊரு நாளைக்கு ஒரு பேச்சுப் பேசும். அம்மாவ இப்ப நான் பாலக்காட்டுக்குக் கூட்டீட்டுப் போனா, புருசன் செத்த ஈரம் காயலே, கெழவிய வண்டியில ஏத்தீட்டானுகன்னுவாங்க. நாலு மாசந்தான? இங்கயே இருக்கட்டும்." இங்கேயே என்றால் என்னோடு. இத்தா அம்மாவுக்கு, ஜெயில் எனக்கு.

அம்மாவுக்கோ தான் இத்தாவில் இருப்பதே தெரியாது. பொழுது சாய்ந்தால் வாசலுக்குப் போக வேண்டும். "சந்தை கலஞ்சிருக்குமே, இன்னும் உங்கத்தாவக் காணமே" என்று கதவைப் பிடித்து ஆட்டுவார். முதல் வாரம் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாளும் அப்படியே. எட்டாம் நாள் முதல், "வந்துட்டே இருக்காருங்கம்மா" என்று பொய் சொல்லப் பழகிக்கொண்டேன். வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டேன். இறந்துபோன மனுஷனுக்காக உள்ளே இருக்க வேண்டியவரும் அவரே, அதே மனுஷனைத் தேடி வெளியே போக நினைப்பவரும் அவரே. நடுவில் கதவாக நான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு எல்லாரும் வந்தபோது, வேலை கிடைத்திருக்கிற விஷயத்தை வாய்விட்டுச் சொன்னேன். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. அதுதான் எங்கள் வீட்டுச் சாமர்த்தியம். "இத்தா முடியட்டும். அப்பறம் அம்மாவ ஆளுக்கு நாலு மாசம் முறை வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அக்கா தலையாட்டினாள். நவ்ஷாத் போனிலிருந்து கண்ணெடுக்காமல், "ஆமாங்கக்கா, நீங்களும் பாவமில்ல?" என்றான். அந்த 'முறை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதி மூன்று மாதம் ஓட்டினேன். சித்ரா மேடம் இரண்டு தடவை நாள் தள்ளிக் கொடுத்தார். மூன்றாம் தடவை, "டிசம்பர் இருபத்தெட்டு, ஞாயித்துக்கிழமை. எட்டு மணிக்குள்ள வந்து பழைய வார்டன்கிட்ட சாவி வாங்கிக்கணும். திங்கக்கிழமை பொண்ணுங்க எல்லாம் லீவு முடிஞ்சு வந்துருவாங்க. வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் நாள்காட்டியைப் பார்த்து இத்தா முடிகிற நாளாகக் குறித்ததும் அதே இருபத்தெட்டுதான். ஆகஸ்ட் பதினெட்டிலிருந்து நான்கு மாதம், டிசம்பர் பதினெட்டு. அதன்மேல் பத்து நாள். கடைக்காரர் கணக்கு. ஆனால் இத்தாவுக்கு இங்கிலீஷ் மாதம் ஆகாது, நாளாக எண்ணினால் நூற்று முப்பது. நான் ஒவ்வொரு நாளாகக் காலண்டரில் கோடு போட்டு வந்தவள், எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமையே முடிந்துவிடுகிறது. வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா, கடை என்று யாரும் வரமாட்டார்கள். ஞாயிறென்றால் மூன்று குடும்பமும் வரும். பொழுது சாய்கிற மஃரிப் தொழுகைக்கு முன்னால் அம்மாவைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, வாசல் இறக்கி துஆ ஓதும் வரைக்கும் எல்லாரும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதற்குள் என் ஐந்து மணி பஸ் வந்துவிடும்.

என் திட்டம் இவ்வளவுதான். நாலரை மணிக்கு எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பையோடு வந்து நிற்பேன். "எனக்கு வேலை இருக்குது, நான் கெளம்பறேன். அம்மாவ மொதல்ல யாரு வெச்சுக்கறதுன்னு நீங்க மூணு பேரும் பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். பெற்ற பிள்ளைகள் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அம்மாவை அனாதையாக விட்டுவிட்டுப் போனாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து நாக்குக்குப் பழக்கியிருந்தேன். இரண்டு நாள் கூடுதலாக அம்மாவை உள்ளே வைத்ததற்கு அல்லாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. அண்ணன் காரில் பிரியாணிக்கு வேண்டியதெல்லாம் வந்து இறங்கியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு என் அடுப்படியில் வேறு யாரோ வெங்காயம் அரிந்தார்கள். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்துக்கொண்டேயிருந்தேன். கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போன ஹஸீனா மச்சி, ஷபீர் அண்ணனின் மனைவி, திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மட்டையெல்லாம் அங்கயே கெடக்குது, பூச்சி பொட்டு அடையும் நஜ்மா" என்றாள். பையைப் பார்த்துவிட்டாளோ என்று நான் போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஹஜ்ரத் சாப்பிட வந்தார். நல்ல மனுஷன், வெள்ளந்தி. இரண்டாவது தடவை கறி வைத்துக்கொண்டே, "ஹக்கீம் பாய் மௌத்தான தேதி என்னங்க?" என்று சும்மா கேட்டார். அண்ணன் சொன்னார். ஹஜ்ரத் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். என் உயிர் அந்த விரல்களில் தொங்கியது.

"நூத்தி முப்பதுன்னா வெள்ளிக்கெழமையே முடிஞ்சுருச்சுங்களே."

"இன்னிக்கில்லீங்களா?" என்றார் அண்ணன்.

"நீங்க இங்கிலீஷ் மாசத்துல எண்ணீட்டீங்க பாய். பரவால்ல, நாலு பேரு சேந்த நாளு நல்ல நாளு."

ஹஸீனா மச்சி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "அப்ப மஃரிப் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லைங்களா ஹஜ்ரத்?"

"எதுக்கும்மா? முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. இப்பவே குளிக்க வெச்சு வாசல்ல எறக்குங்க, நானே துஆ ஓதீட்டுப் போயர்றேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ ஊட்லதான இருக்கே? ஒரு நாளு எண்ணிப் பாக்க மாட்டியா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சோற்றுச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் எண்ணித்தான் இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குமேல் எல்லாமே ஓட்டமாக நடந்தது. அம்மாவைக் குளிப்பாட்டினேன். ரம்லத் அக்கா கொண்டுவந்த இளம்பச்சைப் புடவையைக் கட்டிவிட்டேன். மூன்று மணிக்கு வாசல் திறந்து அம்மாவை இறக்கினோம். நான்கு மாதமாக ஆட்டிப் பார்த்த கதவு அகலத் திறந்து கிடக்கிறது, அம்மாவுக்கோ போகத் தெரியவில்லை. வெயில், தெரு, இவ்வளவு ஆட்கள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இங்க பாருங்க நன்னிம்மா" என்று கத்துகிற பேரப்பிள்ளைகள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஹஜ்ரத் துஆ முடித்து ஆமீன் சொல்வதற்குள், புதுப் புடவை நனைந்து கால் வழியாக வழிந்தது. ஹஸீனா மச்சி மூக்கைச் சுளிக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு நாகரிகம் உண்டு. "நஜ்மா, உள்ள கூட்டீட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

போகும்போதே எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். "யாரும் போயறாதீங்க. எனக்கு ஒரு விசயம் பேசோணும்."

"ஆகட்டும் ஆகட்டும், நீ மொதல்ல அம்மாவப் பாரு" என்றார் அண்ணன்.

குளியலறையில் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். வயிறும் கலங்கியிருந்தது, பிரியாணி ஊட்டியது யாரென்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்க்க வேண்டும். விட்டால் வழுக்கி விழுவார். அப்போதுதான் வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

"யாரது? யாரு போறது?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

கதவைத் தட்டினாள் ரம்லத் அக்கா. "நஜ்மா, நான் கெளம்பறேன்டி. பொள்ளாச்சி வண்டிய உட்டா அப்பறம் ஆறு மணிக்குத்தான். அண்ணன் இருக்காருல்ல, பேசு."

"அக்கா, ரெண்டு நிமிசம் நில்லு! அக்கா!"

செருப்புச் சத்தம் போய்விட்டது. கதவு தாழில்லாமல்தான் இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் வெளியே போய் எல்லாரையும் நிறுத்திவிடலாம். ஆனால் அம்மா சோப்பு நுரையோடு, உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல், என் கையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருக்கிறார். கையை எடுக்க முடியுமா? நீங்கள் சொல்லுங்கள். இன்னொரு கார் கதவு சாத்துகிற சத்தம். "ஹாரன் அடிக்காதடா, அம்மா பயப்படுவாங்க" என்ற ஹஸீனா மச்சியின் குரல். அவள் பையைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பார்த்ததால்தான் இந்த அவசரம். "அண்ணா! அண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து, "அண்ணா" என்று கூப்பிட்டார்.

துடைத்து, வேறு துணி மாற்றி, அம்மாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால். வீட்டில் ஒரு ஆள் இல்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது, தரை கூட்டியிருந்தது. மேஜைமேல் எனக்கு ஒரு தட்டில் பிரியாணி போட்டு இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தார்கள். நான் சாப்பிடவில்லை என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஹஸீனா மச்சிதான் எடுத்து அவரிடம் கொடுத்தாள். "நவ்ஷாத் அங்கதான இருக்கான்? அவன்கிட்டப் பேசு. நான் ரோட்டுல இருக்கேன்."

நவ்ஷாத்துக்குப் போட்டேன். "நான் செக்போஸ்ட் தாண்டீட்டனுங்கக்கா. அண்ணன் இருக்காருன்னுல்ல கெளம்புனேன்?"

"நவ்ஷாத், வண்டியத் திருப்பு. நான் இன்னிக்கு வேலைல சேரோணும். அஞ்சு மணி பஸ்ஸு."

"இன்னிக்கா? என்னக்கா திடீர்னு? இப்படித் தொபுக்கடீர்னு சொன்னா எப்புடி? நோம்பு முடியட்டும், பெருநாளுக்கு எல்லாரும் வருவமில்ல, அப்ப உக்காந்து முறை பேசிக்கலாம்."

நோன்பு ஆரம்பிக்கவே இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தது. நான் போகிறேன் என்றால் இவர்கள் திரும்பமாட்டார்கள். அம்மாவுக்கு ஏதாவது என்றால் திரும்புவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவை வைத்துப் பொய் சொன்னேன்.

"நவ்ஷாத், அம்மா வழுக்கி உழுந்துட்டாங்க."

"யா அல்லா!" என்றான். வண்டி ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளை வந்துவிடுவான், வந்ததும் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று நான் பையை எடுக்கவே போய்விட்டேன். "அக்கா, ரத்தம் வருதா? பேச்சு இருக்குதா?" என்றான்.

"பேச்சு இருக்குது."

"அப்பாடா. அக்கா, நிமி சிஸ்டரக் கூப்புடுங்க. அடி எங்கன்னு பாத்துட்டுப் போன் பண்ணுங்க. நீங்க இருக்கறதுனால எங்களுக்குக் கவலையே இல்லீங்கக்கா, அல்லா உங்களுக்குக் கூலி குடுப்பான்." வைத்துவிட்டான்.

பொய் சொன்னவளுக்கு இது வேண்டியதுதான். சுவரில் சாய்ந்து நின்று சிரித்தேன். அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்று யாராவது நினைக்கலாம். கடைக்குப் போக ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், முகம் கோணாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் மீதி வாழ்நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? நிமிக்குப் போட்டால் ஓடி வருவாள். அவளுக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் உண்டு.

நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. அம்மாவை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பையைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விடலாம், அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டால் ராத்திரிக்குள் யாராவது வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. சொன்னது மட்டுமல்ல, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தும்விட்டேன். நான் நல்லவள் என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை.

"கெளம்பீட்டயா கண்ணு?" என்றார் அம்மா.

திரும்பினேன். நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்புகிற சிரிப்பு.

"ஒறம்பரைச் சனமெல்லாம் அப்பவே போயிட்டாங்க. நீ ஒருத்திதான் கடைசி வரைக்கும் இருந்தே. பொழுதாச்சு பாரு. உங்கூட்ல தேட மாட்டாங்களா?"

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "யாரு இருக்கா உங்கூட்ல?" என்று மறுபடியும் கேட்டார்.

"அம்மா இருக்காங்க."

"வயசானவளா?"

"ஆமாங்க. எண்பத்தி ரெண்டு."

அம்மா முகம் மாறியது. நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அத்தன வயசானவளத் தனியா உட்டுப்போட்டா இங்க வந்து நின்னுட்டிருக்கறே? உழுந்து கிழுந்து வெச்சா? அவ பாவமில்லையா? நீ ஒரு பொம்பளப் புள்ளதான?"

பஸ் ஸ்டாண்டு பக்கம் கோயமுத்தூர் வண்டி ஹாரன் அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து ஓடினால் நான்கு நிமிஷம். அந்தக் கண்டக்டர் நின்று ஆள் சேர்த்துக்கொண்டுதான் எடுப்பான்.

"எந்த ஊரு உனக்கு?" என்றார் அம்மா.

"பக்கந்தானுங்கம்மா."

"பக்கம்னா நடந்தே போயரலாமே. போ கண்ணு, நிக்காத. போய் உங்கம்மாவப் பாரு."

"போறனுங்கம்மா" என்றேன். செருப்பைக் கழற்றினேன். பையை எடுத்துக்கொண்டு அம்மாவைத் தாண்டி நடந்தேன். அங்கிருந்து சமையலறை பதினோரு அடி. பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன்.